தொடையெலும்பின் சாட்சியம்



நாற்பது ஆண்டுக் காலம் தலைக்காயம் பட்டோரின் படுக்கையருகே நின்று பழகிய எனக்கு மேடையில் நிற்பது பழக்கமில்லை. என்னினும் தகுதி வாய்ந்த பலர் எதிரே அமர்ந்திருக்க, இந்த ஆசனத்தை எனக்கு அளித்த நிர்வாகக் குழுவினருக்கு வந்தனம் கூறும் இவ்வேளையிலேயே, அவர்கள் சற்று அவசரப்பட்டுவிட்டார்களோ என்ற அச்சமும் என்னை விட்டு நீங்கவில்லை.

தலைக்காயத்துக்குப் பின் ரத்தத்தில் தோன்றும் அழற்சிக் குறிகள் என்பது நமக்கு விதிக்கப்பட்ட பொருள். அடிபட்ட மூளையில் மைக்ரோகிளியா என்னும் காவல் செல்கள் விழித்தெழுவதும், ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு தளர்வதும், இன்டர்லூகின்-6 முதலிய தூதுப் புரதங்கள் பெருகுவதும், அத்தூது கேட்ட கல்லீரல் சி.ஆர்.பி. என்னும் அழற்சிப் புரதத்தைச் சுரந்து, இரண்டாம் நாளளவில் அதனை உச்சத்துக்குக் கொண்டு செல்வதும் தாங்கள் மாணவர்க்குப் போதிக்கும் பாடங்கள்; அவற்றைத் திருப்பிச் சொல்லித் தங்கள் பொழுதைக் கவர மாட்டேன். நான் கேட்க விரும்புவது ஒன்றே: முழங்கை மடிப்பில் எடுத்த அந்த ரத்தம் எந்தக் காயத்தைப் பற்றிப் பேசுகிறது?

லாரியில் மோதி வீழ்ந்த வாலிபனுக்கு மண்டை மட்டுமா உடைகிறது? தொடையெலும்பு முறிகிறது, விலா நொறுங்குகிறது, நுரையீரல் கன்றிப்போகிறது. அத்தனையும் ஒரே ரத்தத்தில்தான் தம் செய்தியைக் கலக்கின்றன.

இவ்விஷயத்தில் நாம் மறந்துவிட்ட ஆசிரியர் ஒருவர் உண்டு. கிளாஸ்கோ நகரத்து உயிர்வேதியியலாரான டேவிட் கத்பெர்ட்சன், 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், கால் எலும்பு முறிந்து கிடந்தோரின் சிறுநீரை நாள்தோறும் சேகரித்து, அதில் வெளியேறும் நைட்ரஜனை அளந்து, முறிந்த இடத்தின் சேதத்தால் மட்டும் விளக்க இயலாத அளவுக்கு அது பெருகுவதையும், கரைவது உடல் முழுவதிலுமுள்ள தசையே என்பதையும் கண்டு, 1942இல் அந்த மாறுதலைக் கடலின் ஏற்றவற்றம் போல, முதலில் வற்றம், பிறகு பெருக்கு என இரண்டு பருவங்களாக வகுத்தார். சைட்டோகைன் என்ற சொல்லே பிறவாத காலம் அது! தலையில் ஒரு கீறலும் படாதவனுடைய கால் அவன் தேகம் முழுவதையும் இவ்வாறு கலக்க வல்லதாயின், தலையும் காலும் ஒருங்கே உடைந்தவனுடைய சி.ஆர்.பி.யை மூளையின் கணக்கில் மட்டும் எழுதுவது எந்த நியாயம்? அதே கிளாஸ்கோவில் 1974இல் டீஸ்டேலும் ஜென்னட்டும் வகுத்த நினைவுநிலை அளவை நம் எல்லோருக்கும் மனப்பாடம். கத்பெர்ட்சனைப் படித்தவர் இங்கே எத்தனை பேர் என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்தப் போவதில்லை.

முந்தைய மாநாடொன்றில் இதை நான் சொன்னபோது, என் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர், எலும்பு வைத்தியர்களின் கூட்டத்துக்குப் போக வேண்டியவர் வழி தவறி இங்கே வந்துவிட்டார் என்றார். அவை சிரித்தது, நானும் சிரித்தேன். விடை மட்டும் இன்றளவும் வரவில்லை. அன்று அவர் தம் கட்சிக்குத் துணையாகக் காட்டியது கோஸ்மனும் அவர் சகாக்களும் 1995இல் வெளியிட்ட சூரிச் ஆராய்ச்சி. கடும் தலைக்காயம் பட்டோரின் மூளைத் தண்டுவடத் திரவத்தில் இன்டர்லூகின்-6 சீரத்தில் உள்ளதினும் மிகுந்திருந்ததை அவர்கள் கண்டனர். மூளையே உடலின் அழற்சியை எழுப்பக்கூடும் என்பது அதன் சாரம். அதை நான் தலைவணங்கி ஏற்கிறேன். ஆயினும் அவர்கள் இரண்டு திரவங்களையும் அளந்து ஒப்பிட்டவர்கள். ஒன்றை மட்டும் அளந்துவிட்டு அவர்களுடைய முடிவைக் கடன் வாங்குவோருக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது?

இது வெறும் ஏட்டுச் சண்டையன்று. வீக்கத்தையும் அழற்சியையும் தணித்தால் நோயாளி பிழைப்பான் என்று பல்லாண்டுகள் நம்பி ஸ்டீராய்டு கொடுத்து வந்தோம், நானும் கொடுத்திருக்கிறேன். 10,008 பேரைச் சேர்த்து நடத்திய 'கிராஷ்' பரிசோதனையின் முடிவு 2004இல் வெளிவந்தபோது, இரண்டு வாரத்துக்குள் இறந்தோர், மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு பெற்றவர்களுள் நூற்றுக்கு 21.1, பெறாதவர்களுள் 17.9. அது ஏன் என்பதை அப்பரிசோதனை தெளிவாக்கவில்லை. எவ்வழற்சி எவ்விடத்தது, அது கெடுப்பதா காப்பதா என்று அறியாமல் அணைக்கப் புகுந்தோம் என்பதே என் அபிப்பிராயம். 2018இல் அமெரிக்க அரசு அனுமதித்த ஜி.எஃப்.ஏ.பி., யு.சி.எச்.எல்.1 என்னும் மூளைப் புரதங்களுக்கான ரத்தச் சோதனைகளைச் சிலர் இங்கே நினைவூட்டக்கூடும். அவை தலைக்கு சி.டி. ஸ்கேன் வேண்டுமா என்று தீர்மானிக்க உதவுவன. என் கேள்விக்கு விடையாக மாட்டா.

ஆகவே, இன்று கட்டுரை வாசிக்கப் போகும் இளம் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். தங்கள் அட்டவணைகளில் இன்னும் இரண்டு பத்திகளைச் சேருங்கள். காயம் பட்டு எத்தனை மணி நேரத்துக்குப் பின் ரத்தம் எடுத்தீர்கள் என்பது ஒன்று. கழுத்துக்குக் கீழே என்னென்ன முறிந்திருந்தன என்பது மற்றொன்று. அவ்விரண்டையும் முதலில் கூறிவிட்டு வாசிக்கத் தொடங்குங்கள்.