நிலத்தின் மீது இரண்டு நிபந்தனைகள்



பெருநகர நிலச் சந்தையில் நுழையும் அந்நிய முதலீடு பணக்காரர்களின் விவகாரம், நமக்கு அதில் என்ன வேலை என்று நம் தோழர்களே கேட்பதுண்டு. நிலம் யாருக்கு என்ற கேள்வியோடு வளர்ந்த இயக்கம் நம்முடையது. ஆகவே இது நம் விவகாரம்தான். இரண்டு சட்ட விதிகளை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நிலம் வழங்க ஆணை பிறந்தது. முதல் 10 ஆண்டுகள் அந்நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் விற்பனை செல்லாது. இந்த நிபந்தனை ஏட்டில் இருக்கிறது. நிலத்தில் பெரும்பகுதி நம் கையில் இல்லை. காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் 1994இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்குப் பறிகொடுத்தோம்.

அடுத்தது 2005. கட்டுமானத் திட்டங்களில் 100 சதவீத அந்நிய நேரடி முதலீட்டுக்கு ஒன்றிய அரசு கதவைத் திறந்தது. அங்கும் நிபந்தனைகள் இருந்தன. மனைத் திட்டம் என்றால் குறைந்தது 10 ஹெக்டேர், கட்டடம் என்றால் 50,000 சதுர மீட்டர், போட்ட முதலை 3 ஆண்டுகளுக்கு வெளியே எடுக்கக் கூடாது. 2014இல் அந்த 50,000 சதுர மீட்டர் 20,000 ஆனது. 2015இல் பரப்பளவு நிபந்தனையே நீங்கியது. மூலதனத்துக்கு இடைஞ்சலான நிபந்தனைகளைத் தளர்த்த 10 ஆண்டுகள் போதுமாயின. நமக்குக் காவலான நிபந்தனையை நடைமுறைப்படுத்த 130 ஆண்டுகள் போதவில்லை.

வெறும் நிலத்தை வாங்கி லாபத்துக்கு விற்க அந்நிய முதலீட்டுக்கு அனுமதி இல்லையே என்பார்கள். உண்மைதான். ஆனால் கட்டடம் எழுந்துவிட்டால் வாடகையே சரக்கு. தரமணியின் சர்வதேசத் தொழில்நுட்பப் பூங்கா, சிங்கப்பூர் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஓர் அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. 2019இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்டோனும் பெங்களூரின் எம்பசி குழுமமும் சேர்ந்து, அலுவலக வாடகையைப் பங்குகளாக்கி இந்தியச் சந்தையிலேயே விற்றன.

அதே பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டித்தான் கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் இருக்கின்றன. 2015 வெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாற்றுக் கரைக் குடிசைகள் ஆக்கிரமிப்பு என்று அகற்றப்பட்டன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் எழுந்த பெரிய கட்டடங்கள் நின்றன. விரட்டப்பட்ட நம் பெண்களே இன்று கண்ணாடிக் கட்டடங்களைத் துடைக்கிறார்கள். அந்நியப் பணம் நேரில் வந்து குடிசையை இடித்தது என்று நாம் சொல்லவில்லை. அது நிலத்தின் விலையை ஏற்றுகிறது. யார் அப்புறப்படுத்தப்பட வேண்டும் என்பதைச் சாதி முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறது.

நம் இலக்கியம் சேரியை எழுதியது. இனி பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் எழுத வேண்டும். மாணவர்கள் தங்கள் ஊர் 'அ' பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். நகரம் விழுங்கிய ஒவ்வொரு பஞ்சமி சர்வே எண்ணையும் பட்டியலிடுவோம். புதிய திட்டம் எதற்கும் அனுமதி தருமுன் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதே நம் முதல் கோரிக்கை.

ஜெய்பீம்.