முகவரியைக் கடைசியிலிருந்து வாசியுங்கள்

(பிலிமத்தலாவையில் நடைபெற்ற தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம் பற்றிப் பேசும் இடத்தில் வாத்தியார் போனைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று சிலர் நினைக்கலாம். இதுவும் சம்பளப் பேச்சுத்தான். நம் சம்பளத்தில் 8 வீதம், நிர்வாகம் கட்டும் 12 வீதம் என்று சேர்ந்த சேமலாப நிதி பற்றிய தகவலுக்கும், அஸ்வெசும விபரத்துக்கும், பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றுக்கும் இன்று போனைத்தான் திறக்கிறோம். அங்கே அடையாள அட்டை இலக்கத்தை யாரிடம் கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

முதலில் நம் தொழிலோடு ஒட்டிய ஒரு சம்பவம். 2021 பெப்ரவரி 5ஆம் திகதி ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டுத் தோட்டங்களில் ஒருநாள் வேலைநிறுத்தம் நடந்தது ஞாபகம் இருக்கும். மறுநாள் சனிக்கிழமை, கூகுளின் இலங்கை முகவரியைத் திறந்தவர்களுக்குக் கூகுள் வரவில்லை. வேறொரு பக்கம் வந்தது. தேயிலைத் தொழிலின் பிரச்சினைகள், பத்திரிகைச் சுதந்திரம், ஊழல், சிறுபான்மையினர் பிரச்சினை என்று அதில் எழுதியிருந்தது. எழுதியவை நியாயமாகக் கூட இருக்கலாம், அது வேறு பேச்சு. முகவரியைச் சரியாக அடித்தவர்களே வேறு இடத்தில் போய் இறங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். எல்கே என்று முடியும் முகவரிகளின் பதிவேட்டில் யாரோ கை வைத்து, சில முகவரிகளின் வழியை மாற்றிவிட்டார்கள். அன்று வந்தது ஒரு துண்டுப்பிரசுரம். அதே இடத்தில் வங்கியின் பக்கம் மாதிரியே ஒன்றைச் செய்து வைத்திருந்தால்?

இப்படி வழியையே மாற்றுவது அபூர்வம். நம்மை ஏமாற்றுகிறவர்களுக்கு அவ்வளவு சிரமம் தேவையில்லை. ஒரு குறுஞ்செய்தி போதும். தபால் திணைக்களத்தின் பெயரில், 'உங்கள் பார்சல் வந்திருக்கிறது, கட்டணம் செலுத்துங்கள்' என்று வந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். தொட்டால் திணைக்களத்தின் சின்னத்தோடு ஒரு பக்கம் திறக்கும். சின்னத்தை யாரும் பிரதி எடுக்கலாம். பார்க்க வேண்டியது திரையின் மேலே உள்ள நீளமான பட்டை. அதுதான் முகவரிப் பட்டை. சில போன்களில் கீழே இருக்கும்.

அதை எப்படி வாசிப்பது? கடிதத்தில் லயத்து இலக்கம், டிவிஷன், தோட்டம், ஊர் என்று எழுதுகிறோம். கடிதம் பிரிப்பவர் முதலில் பார்ப்பது கடைசி வரியில் உள்ள ஊரை. இணைய முகவரியும் அப்படித்தான். முதல் ஒற்றைச் சாய்கோடு வரும் வரைக்கும் உள்ளதை எடுத்து, கடைசியிலிருந்து முன்னோக்கி வாசியுங்கள். அரசாங்கத் தளம் பெரும்பாலும் 'ஜீஓவி டொட் எல்கே' என்று முடியும். நலன்புரி நன்மைகள் சபை அப்படித்தான். பரீட்சைத் திணைக்களத்துக்கு அப்படி ஒன்றும், 'டுஇநெட்ஸ் டொட் எல்கே' என்று இன்னொன்றும் உண்டு. கள்ள முகவரியில் இதே எழுத்துகள் முன்னால் இருக்கும், முடிவு மட்டும் வேறு எதுவாகவோ இருக்கும். முன்னால் இருப்பதைப் பார்த்து நம்பினால் போச்சு. சின்னத் திரையில் முழு முகவரி தெரியாது, பட்டையைத் தொட்டு விரலால் நகர்த்திப் பாருங்கள்.

இன்னொன்று. அந்தப் பட்டையில் டொட் இல்லாமல் இடைவெளி விட்டு 'அஸ்வெசும' என்று அடித்தால் அது முகவரி ஆகாது, தேடல் ஆகிவிடும். தேடலில் முதலில் வருவது சில நேரம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம்.

அடுத்தது பூட்டு. நமக்கு வீட்டுக்கு வீடு முகவரி இல்லாத கொடுமையை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, பல கைகள் மாறித்தான் லயத்துக்கு வரும். திறந்த தபாலட்டை என்றால் வழியில் எல்லாரும் வாசிப்பார்கள். ஒட்டிய உறை என்றால் முடியாது. முகவரியின் முன்னால் உள்ள 'எச்டிடிபி'யோடு 'எஸ்' சேர்ந்திருந்தால் அது ஒட்டிய உறை. ஆனால் திருடனுக்கு எழுதிய கடிதத்தையும் உறையில் போட்டு ஒட்டலாமே! பூட்டுப் படம் சொல்வது வழியில் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்பதை மட்டும்தான். கள்ளத் தளமும் அதற்கான சான்றிதழை இலவசமாக எடுக்கலாம். பூட்டைப் பார்த்து மக்கள் தப்பாக நம்புவதால்தான் குரோம் 2023இல் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது. ஆகவே பூட்டுக் காணோமே என்று பயப்படவும் வேண்டாம்.

சிலவேளை 'உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல' என்று சிவப்பு அடையாளத்தோடு எச்சரிக்கை வரும். உடனே அந்தத் தளம் களவுத்தளம் என்று முடிவுகட்டாதீர்கள். முதலில் போனில் திகதியைப் பாருங்கள். பற்றரி முழுதாக இறங்கிய பழைய போன் எழும்பும்போது சில சமயம் பழைய வருடத்தைக் காட்டும். சான்றிதழுக்கு ஆரம்பத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. போன் 2015இல் நிற்க, இந்த வருடச் சான்றிதழை அது எப்படி ஏற்கும்? திகதியைத் தானாக அமையும்படி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பிறகு, கடையிலோ பஸ் நிலையத்திலோ உள்ள வைஃபையை விட்டுவிட்டுச் சொந்த டேட்டாவில் பாருங்கள். புதுப்பிப்பு நின்றுபோன மிகப் பழைய போன் என்றால் புதிய சான்றிதழ்களை அதற்கு அடையாளம் தெரியாது, இன்னொரு போனில் பாருங்கள். எல்லாப் போனிலும் அதே எச்சரிக்கை என்றால் கோளாறு தளத்தில். அவர்கள் சரிசெய்யும் வரை பொறுங்கள். 'அப்படியே தொடர்' என்பதை அழுத்தி உள்ளே போய் அடையாள அட்டை இலக்கமோ வங்கி விபரமோ கொடுக்கக் கூடாது. பக்கத்தில் நிற்பவர் 'ஒன்றும் ஆகாது, அழுத்துங்கள் அக்கா' என்றாலும்தான்.

பெறுபேறு வரும் இரவில் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருப்பது வேறு கதை. அது சனநெரிசல். விடிந்ததும் பாருங்கள், பெறுபேறு எங்கேயும் ஓடாது.

முகவரி சரி, சான்றிதழும் சரி, ஆனாலும் தளத்தையே உடைக்கலாம். 2016 ஓகஸ்டில் ஜனாதிபதியின் தளத்தில் புகுந்து, உயர்தரப் பரீட்சைத் திகதி பற்றிக் கோரிக்கை எழுதியதாகக் கைதானது, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள கடுகண்ணாவைப் பையன், வயது 17. பெரிய இடத்துத் தளங்களும் இப்படித்தான். ஆகவே எந்தப் பக்கம் கேட்டாலும் வங்கி அனுப்பும் ஒருமுறை இலக்கத்தை இன்னொருவருக்குச் சொல்லாதீர்கள், கங்காணி கேட்டாலும், நான் கேட்டாலும். ஏமாந்தது தெரிந்தால் முதலில் வங்கிக்கு அறிவித்து அட்டையை நிறுத்துங்கள். அடுத்து 101க்கு அழைத்து ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அதே செய்தி அடுத்த லயத்துக்கும் போகும்.

தேநீர் குடித்துவிட்டு எல்லாரும் போனை எடுத்து வாருங்கள். வந்திருக்கும் குறுஞ்செய்திகளில் ஒன்றைப் பிடித்து, தொடாமல், அதன் முகவரியைக் கடைசியிலிருந்து எழுத்தெழுத்தாக வாசித்துப் பழகுவோம். கண்ணாடி உள்ளவர்கள் அதையும் கொண்டு வாருங்கள்.