குலமறிந்து நாய் கொள்க

இலங்கை மலைநாட்டின் வேட்டை நாய்களைப் பற்றிப் பேசுவோர் சேமுவேல் பேக்கரை மறப்பதில்லை. 1855 வரை ஏறத்தாழ எட்டாண்டு இங்கு வாழ்ந்த அவர், நுவரெலியாவில் மரை வேட்டைக்கென நாய்க்கூட்டம் ஒன்றை வளர்த்தார். அந்நாய்களுக்குப் பெரும்பகை சிறுத்தையே என்று 1854இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார்.

பறவை வேட்டைக்குரிய செட்டரோ வேறோர் இனம். புதரில் மறைந்த பறவையை மோப்பத்தால் அறிந்து, பாயாது பதுங்கி நின்று இடங்காட்டுவது அதன் இயல்பு. துப்பாக்கி பரவுமுன் வேடர் அவ்விடத்தில் வலைவீசிப் பறவை பிடித்தனர். இங்கிலாந்தில் எட்வர்ட் லாவெராக் 1825 தொடங்கி இவ்வினத்தைப் பேணிச் செம்மைப்படுத்தினார்.

தெல்தோட்டையில் ஒருவர் செட்டர் குட்டி வாங்க எண்ணினால், முதலில் தாய் தந்தையரை நேரிற் காண வேண்டும். வம்சப் பத்திரம் மட்டும் போதாது. பிறவிச் செவிட்டுத்தன்மை இவ்வினத்தில் உண்டு. ஆதலால் குட்டியின் கண்ணுக்கு மறைவாகக் கைதட்டிப் பார்த்தல் நன்று. பெற்றோரின் இடுப்பு மூட்டு நலத்தையும் மிருக வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும்.

வாங்கியபின் கடமை தொடங்குகிறது. நாள்தோறும் நெடுநேரம் ஓடவிட வேண்டும். மழைநாளில் அதன் நீண்ட மயிரில் அட்டையும் உண்ணியும் ஒளிந்திருக்கும்; சீவிக் களைய வேண்டும். சிறுத்தை உலவும் மலையாதலால் இரவில் வெளியே கட்டலாகாது.

வேட்டைக்கோ எல்லையுண்டு. 1937ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டுப் பறவைகளுட் பெரும்பாலானவற்றைக் காக்கிறது. கொல்லாமலே பறவையின் இருப்பிடத்தைக் காட்டி நிற்கும் நாயின் அழகைக் கண்டு மகிழலாம். நற்குலத்து நாயைப் பெறுதல் எளிது. அதற்கேற்ற எசமானாக விளங்குதலே அரிது.