கொழுந்துப் பாட்டுக்கு ஒரு கைப்பெட்டி

கேமரன் மலையில் 1929-இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தை அறியாதவர் இல்லை. அந்த மலையில் நம்மவர்கள் பாடிக்கொண்டே கொழுந்து பறித்த காலம் ஒன்று உண்டு. இன்று பறிப்பவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள்.

பழைய பாட்டுத் தெரிந்த ஒரு பாட்டியைப் பதிவு செய்யப் போனேன். மைக்கை நேராக மடிக்கணினியில் செருகினேன். வீட்டில் வந்து கேட்டால், பாட்டை விட இரைச்சல்தான் அதிகம்! தொலைக்காட்சியில் பேசுகிறவனுக்கு இது வெட்கம் இல்லையா?

மைக் தருவது ஓரிரு மில்லிவோல்ட்தான். அதைச் சில நூறு மடங்கு பெருக்க ஒரு முன்பெருக்கி தேவை. நானே சோல்டர் செய்தேன்: ஒரு 5532 சிப், மெட்டல் பிலிம் ரெசிஸ்டர்கள், அலுமினியப் பெட்டி, 9 வோல்ட் பேட்டரி இரண்டு. வீட்டு மின்சாரம் என்றால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் கூடவே வந்துவிடும், அதனால்தான் பேட்டரி. முதலில் ஒரே கரகரப்பு. ஈயம் சரியாகப் பிடிக்காத ஒரே இணைப்பு. கண்டுபிடிக்க இரண்டு இரவு போயிற்று.

மீண்டும் போனபோது லயத்தின் தகரக் கூரையில் மழை. விடும்வரை காத்திருந்தோம். பாடி முடித்த பாட்டி ஹெட்போனில் கேட்டுவிட்டு, "இது எங்கம்மா குரலாச்சே தம்பி" என்றார்.