கடன் தீர்ந்தால் சூது தீருமா?

கொழும்பு கறுவாத்தோட்டத்தில் 1893ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற குதிரைப் பந்தயத் திடலிலே, 1956ஆம் ஆண்டில் பந்தயம் நிறுத்தப்பட்டது. குதிரைகள் போயின; பந்தயம் பிடிக்கும் வழக்கமோ போகவில்லை. கடல் கடந்து இங்கிலாந்தில் ஓடும் குதிரைகளின்மீது, கொழும்பின் பந்தயக் கடைகளிலே பணம் வைக்கப்பட்டு வந்தது. இன்று கடைக்குப் போகவும் வேண்டியதில்லை. படுக்கையிற் கிடந்தபடியே கைபேசியிற் பணம் வைக்கலாம். ஆடுகளத்தை அகற்றினால் மட்டும் ஆட்டம் அகன்றுவிடாது என்பதற்கு இந்நகரின் வரலாறே சான்று. ஆதலின், ஆடும் மனத்தை அறிவது இன்றியமையாததாகின்றது.

எப்போதாவது ஒரு லொத்தர்ச் சீட்டு வாங்குபவர் எல்லாரும் நோயாளர் அல்லர். வரவரப் பெருந்தொகை வைத்தாலன்றி மனம் அடங்காமை, நிறுத்த முயன்று முயன்று தோற்றல், நிறுத்தினால் எரிச்சல் கொள்ளல், விட்டதைப் பிடிக்க மறுநாளும் ஓடுதல், வீட்டாரிடம் பொய் சொல்லுதல், தொழிலும் உறவும் அழியக் கண்டும் விடாமை ஆகிய குறிகள் கூடித் தோன்றுமிடத்து அது நோய் எனப்படும். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980ஆம் ஆண்டில் இதனைத் தன் நோய்ப் பட்டியலிற் சேர்த்தது. 2013ஆம் ஆண்டில், மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் அடிமையாகும் நோய்களோடு ஒரே வகுப்பில் வைத்தது.

மது உடலினுள்ளே செல்கின்றது. சூதிலே உள்ளே செல்வது யாது என்று கேட்கலாம். உள்ளே செல்வது எதுவுமில்லை. உள்ளே இருப்பதே கிளர்ந்தெழுகின்றது. எப்பொழுது கிடைக்கும் என்று தெரியாத பரிசு, மூளையிலே டோபமீன் என்னும் இரசாயனத்தைத் தூண்டுகின்றது. நடுக்குவாதமாகிய பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கப்படும் சில மருந்துகள் இதே டோபமீனின் தொழிலைச் செய்வன. அவற்றை உட்கொண்ட நோயாளர் சிலர், முன்பு சூதையே அறியாதவர்கள், திடீரெனச் சூதாடத் தொடங்கியதையும், மருந்தைக் குறைத்தபின் அவ்வேட்கை தணிந்ததையும் வைத்தியர்கள் கண்டனர். மனவுறுதி மட்டுமே இங்கு வழக்கன்று என்பது இதனால் விளங்கும்.

தோல்வியினும் வெற்றியே இந்நோய்க்குப் பெரிய வாயில். திருவள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்து, அதன் தொடக்கத்திலேயே வெற்றியைத் தூண்டில் இரைக்கு ஒப்பிட்டார். தொடக்கத்தில் வென்ற ஒரு தொகை, பின்னர் தோற்ற நூறு முறையையும் மறக்கச் செய்கின்றது. கணக்கும் பிறழ்கின்றது. 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள், மொண்டி கார்லோ சூதாட்ட மண்டபத்திற் சுழல்சக்கரம் தொடர்ந்து 26 முறை கறுப்பிலேயே நின்றது. இனிச் சிவப்பு வந்தே தீரும் என்று எண்ணிப் பணத்தைக் குவித்தவர்கள் பெருந்தொகை இழந்தனர். சக்கரத்துக்கு நினைவு ஏது? ஒவ்வொரு சுற்றும் புதிய சுற்றே.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போமாக. கணவனின் கடன் வெளிப்படுகின்றது. மனைவியின் சங்கிலி அடைவு கடைக்குப் போகின்றது. கனடாவிலுள்ள தமையன் பணம் அனுப்புகின்றான். கோயிலிலே கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யப்படுகின்றது. கடன் முற்றாகத் தீர்கின்றது. வீடு நிம்மதி கொள்கின்றது. சில மாதங்களில் முன்னையினும் பெரிய கடன் முளைக்கின்றது. சத்தியம் செய்தவன் அன்று பொய் சொன்னான் என்பதில்லை, உண்மையாகவே அழுதிருப்பான். ஆயினும் தீர்ந்தது கடனேயன்றி நோயன்று. அவனை ஓரளவு தடுத்து நின்ற கடன் நெருக்கடியும் அகன்றது. தமையனின் பணம் அவன் உள்ளத்திலே மற்றுமொரு பரிசுச் சீட்டாகவே பதிந்தது.

அவனைக் கைவிடுவதா? அன்று. உதவியின் முறையை மாற்றுதல் வேண்டும். முதலாவதாக, மனநல வைத்தியரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும். சூதைப் பற்றிய பிழையான எண்ணங்களையும், வேட்கை எழும் நேரத்தையும் இடத்தையும் கண்டறிந்து மாற்றும் சிந்தனை நடத்தைச் சிகிச்சை நற்பயன் தருகின்றது. சிலருக்கு நல்ரெக்சோன் போன்ற மருந்தும் வைத்தியரின் ஆலோசனைப்படி துணையாகலாம். இரண்டாவதாக, அவனது சம்மதத்தோடு சம்பளமும் வங்கி அட்டையும் மனைவியின் பொறுப்பில் இருத்தல் வேண்டும். மூன்றாவதாக, கடன் முழுவதும் ஒரு தாளில் எழுதப்பட்டு, அவனது உழைப்பிலிருந்தே மாதந்தோறும் சிறிது சிறிதாகத் தீர்க்கப்படல் வேண்டும். சூதாடிகள் தாமே கூடி ஒருவரையொருவர் தாங்கும் இயக்கம் ஒன்று 1957ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிசில் தோன்றிப் பல நாடுகளிற் பரவியுள்ளது. அங்கும் பிறர் கடனை அடைப்பது உதவியாகக் கருதப்படுவதில்லை.

ஒன்றை மறத்தலாகாது. கடன் வெளிப்படும் நாளே சூதாடிக்கு மிக ஆபத்தான நாள். அவமானம் தாளாது உயிரை மாய்க்க எண்ணுபவர் உளர். ஏச்சுக்கு முன்னர், அத்தகைய எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்டல் வேண்டும். கேட்பதனால் எண்ணம் விதைக்கப்படுவதில்லை. அமுங்கிக் கிடந்த பாரமே இறங்குகின்றது. அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும், 1974ஆம் ஆண்டு தொடங்கிய சுமித்திரயோ சங்கமும் இத்தகையோருக்குச் செவிசாய்க்கவே உள்ளன.

கடன்காரன் வாசலில் நிற்கும்போது பணப்பெட்டியைத் திறப்பது எளிது. திறவாமல் நின்று, "பணம் தரமாட்டேன், வைத்தியரிடம் கூடவே வருகின்றேன்" என்று சொல்வது அரிது. அந்த அரிய சொல்லே ஒரு குடும்பத்தை மீட்கத் தொடங்கும் சொல்லாகும்.