அந்த மழைக் கிழமை
(எமது ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை மேடையில் ஏற்றியது செயலாளர் அண்ணையின் பிழை. உயர்தரத்தோடு படிப்பை விட்டவன் நான். இவ்வளவு காலமும் மெசினோடுதான் கதைத்துப் பழக்கம். "குடும்ப வாழ்க்கை பற்றி ஏதாவது கதையும்" எண்டு சொன்னார். மனிசியிட்டை அனுமதி கேட்டேன். "சொல்லுங்கோ, ஆனா உங்கடை பிழையையும் சேர்த்துச் சொல்லுங்கோ" எண்டா. அதனால் சேர்த்தே சொல்கிறேன்.

வுப்பர்டாலில் பிள்ளைகள் குடையோடு பிறக்கிறார்கள் என்று ஜேர்மன்காரர் பகிடி விடுவார்கள். மேற்கிலிருந்து வரும் முகில் எங்கட மலைகளில் முட்டி இங்கேயே இறங்கிவிடுகிறது. யாழ்ப்பாணத்திலும் ஒரு வருசத்துக்கு ஏறக்குறைய இதேயளவு மழைதான். ஆனால் அங்கே ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். இங்கே வருசம் முழுக்கத் தவணை முறையில் பெய்யும். ஆகவே 2021 ஜூலையில் மழை தொடங்கினபோது நாங்கள் ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

எங்கட வாழ்க்கை அப்போது எப்படி எண்டால், ஒரு கிழமை எனக்குக் காலை 6 மணி வேலை, மற்றக் கிழமை பின்னேரம் 2 மணியிலிருந்து இரவு 10 வரை. மனைவி விடியப்புறம் நாலரைக்கு எழும்பிக் கந்தோர்கள் துப்புரவாக்கப் போவா. பின்னேரம் இன்னொரு இடம். அவ வரும்போது நான் இல்லை, நான் வரும்போது அவ படுத்திருப்பா. அடுப்பில் கறி இருக்கும், குளிர்பெட்டியில் ஒரு துண்டுக் கடதாசி இருக்கும். அதைத்தான் நாங்கள் குடும்பம் எண்டு சொல்லிக்கொண்டு இருந்தோம்.

அவ கொழும்பில் கோத்தே நிறுவனத்தில் டொச் படித்து, ஏ1 சோதனை பாஸ் பண்ணித்தான் 2017இல் வந்தவ. வந்த பிறகு அதைத் தொடர்ந்து படிக்க உரிமைச் சீட்டும் கிடைத்தது. நான்தான் "இப்ப வேலை கிடைச்சிருக்கு, வகுப்பைப் பிறகு பாப்பம். நான் இருக்கிறன்தானே, உமக்கு என்னத்துக்கு டொச்?" எண்டு சொன்னனான். டொக்டரிடம் நான் கதைப்பேன், வங்கியில் நான் கதைப்பேன். படித்ததையும் அவ மறந்து போனா. சீட்டின் காலமும் முடிந்து போனது.

ஜூலை 14, புதன்கிழமை. நான் பின்னேர வேலை. பத்து மணிக்கு வெளியே வந்தால் பஸ் இல்லை. மலையிலிருந்து இறங்கும் ரோட்டெல்லாம் வாய்க்கால். என்ரை கைத்தொலைபேசி செத்துப்போய்க் கிடந்தது. நடந்தேன். அன்றிரவு வுப்பர் ஆற்றின் மேற்பக்கத்து அணை நிரம்பி வழிந்தது. நள்ளிரவை ஒட்டி நகரத்துச் சைரன்கள் அலறத் தொடங்கின.

நாங்கள் இருப்பது ஊன்டர்பார்மன் பக்கம், ஆற்றிலிருந்து அதிக தூரமில்லை. அன்று பின்னேரமே மேல்மாடி ஜேர்மன் அம்மா படிக்கட்டுச் சுவரில் கையால் எழுதி ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறா: தண்ணீர் வருகிறது, ஒருவரும் கெல்லருக்குப் போகவேண்டாம் என்று. என் மனைவி அதைக் கண்டவதான். எங்கட படிக்கட்டில் ஒட்டுகிற கடதாசி எல்லாம் யார் இந்தக் கிழமை கூட்டுகிற முறை, யார் குப்பையைப் பிழையான வாளியில் போட்டது என்பதுதான். இதுவும் அப்படி எண்டு நினைச்சிட்டா.

மனைவி வன்னியில் பிறந்து வளர்ந்தவ. வானத்தில் சத்தம் கேட்டால் பங்கருக்குள் இறங்க வேண்டும் என்பதுதான் அவவுக்குச் சின்ன வயதிலேயே படிந்த பாடம். சைரன் கேட்டதும் பாஸ்போட்டும் விசாவும் கிடக்கிற பையைத் தூக்கிக்கொண்டு நேரே கெல்லருக்கு இறங்கியிருக்கிறா. கணுக்கால் மட்டும் தண்ணீர் நின்றதாம். தண்ணீருக்கு மேலே மின்பெட்டி. கெல்லர்க் கதவு திறந்து கிடந்ததைக் கண்ட அந்த அம்மா, எழுபது வயதுக்கு மேல், இறங்கி வந்து கையில் பிடித்து இழுத்திருக்கிறா. "நைன்! ஹோஹ்! ஹோஹ்!" மேலே, மேலே.

இரண்டு மணிக்கு நான் நனைந்த கோழி மாதிரி வந்து சேர, மனைவி அந்த அம்மாவின் குசினியில் போர்வையைப் போர்த்துக்கொண்டு இருக்கிறா. அம்மா என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டா: இவ்வளவு வருசமாக ஏன் இந்தப் பெண்ணை மொழி படிக்க விடவில்லை? பதில் சொல்ல எனக்கு டொச் வரவில்லை. தமிழும் வரவில்லை.

அந்த வெள்ளத்தில் ஜேர்மனியில் 180 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் கெல்லரில் அகப்பட்டவர்களும் உண்டு.

தொழிற்சாலை திங்கள்வரை வரவேண்டாம் எண்டு சொல்லிவிட்டது. அவவின் கந்தோர்களும் பூட்டு. கலியாணம் முடித்த பிறகு முதற்தடவையாக நாலு நாள் இருவரும் ஒரே வீட்டில். கெல்லரில் இருந்த 20 கிலோ அரிசி மூட்டை ஊதிப் பொங்கலுக்கு ஆயத்தமாக நின்றது. ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூளும் ஒடியலும் போச்சு. கலியாண அல்பத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மாப்பிள்ளையின் முகத்தில் மாமியின் சீலை. அதைப் பார்த்து இருவரும் நல்லாச் சிரித்தோம்.

ஆனால் வீட்டில் இருக்கத்தான் சிலது கண்ணில் பட்டது. வாசல் மணி அடித்தால் அவ மூச்சுவிடாமல் நிற்பா, அடித்தவர் போகும்வரைக்கும். கடிதங்களை நிறம் பார்த்து அடுக்கி வைத்திருக்கிறா. மஞ்சள் உறை மேலே. அரசாங்கத்து மஞ்சள் உறை ஒன்றுக்கு நான் ஒருமுறை தவணை பிந்திப் பதில் போட்டுவிட்டு, கோபத்தை அவவில் காட்டினனான். அன்றிலிருந்து இந்த ஒழுங்கு.

வெள்ளி இரவு, தானாகக் கதைச்சா. 2009 ஆகஸ்டில் மெனிக் பாம் முகாமுக்குள் மழைவெள்ளம் வந்தபோது, அவவின் தாய் விடியும்வரை தறப்பாளின் மூலையைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றவவாம். நான் வடமராட்சி, அந்த நேரம் அங்கே இல்லாதவன். நாலு வருசம் சேர்ந்து வாழ்ந்தும் இது எனக்குத் தெரியாது.

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உங்களுக்கு எப்ப நேரம்? நீங்கள் வர நான் படுக்கிறன்."

சனிக்கிழமை நான் பெரிய மனிசன் மாதிரிச் சொன்னேன்: "இனி எது நடந்தாலும் உடனே எனக்குப் போன் எடும்." அவ சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னா: "அண்டைக்கும் எடுத்தனான். உங்கடை போன் செத்துக் கிடந்தது. எனக்கு அண்டைக்குத் தேவைப்பட்டது நீங்கள் இல்லை. அந்தக் கடதாசியை வாசிக்கிற அறிவு."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால், கோபத்துக்குள் கணக்கும் இருந்தது. அவ வகுப்புக்குப் போனால் காலை வேலைக் காசு இல்லை. அந்தக் காசுதான் மாதாமாதம் ஊரில் என் அம்மாவுக்குப் போவது. நாள் முழுக்க நான் கதைக்கவில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது. ஞாயிறு காலமை நானே அம்மாவுக்குப் போன் எடுத்து, இனிக் கொஞ்சக் காலத்துக்குப் பாதிதான் அனுப்பலாம் எண்டு சொன்னேன். அம்மா கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவள் படிக்கட்டும்" எண்டா. அந்தக் கொஞ்சநேரம் எனக்கு நடந்துவந்த இரவைவிட நீளமாக இருந்தது.

திரும்ப விண்ணப்பித்து, 2022இல் வகுப்புத் தொடங்கினது. மொழிக்கு 600 மணித்தியாலம், நாட்டுச் சட்டம், வரலாறு என்று இன்னும் 100. முதல்முறை பி1 கிடைக்கவில்லை, இரண்டாம்முறை கிடைத்தது. வகுப்பு நாட்களில் சமையல் என்னுடையது. என் சொதி பற்றிச் சபையில் கேட்க வேண்டாம்.

சகோதரங்களே, இதையும் வீட்டில் சொல்லி வையுங்கோ. ஒரு நிமிசம் ஏறி ஏறி இறங்குகிற சத்தம் என்றால் ஆபத்து, வானொலியைப் போடவேணும். ஒரே சீரான சத்தம் என்றால் ஆபத்து நீங்கியது. 2023 பெப்ரவரியிலிருந்து எச்சரிக்கை நேராகக் கைத்தொலைபேசிக்கே வருகிறது. ஆனால் அது தமிழில் வராது.

எங்கட மாநிலத்தில் மார்ச்சிலும் செப்டெம்பரிலும் இரண்டாவது வியாழன் காலை 11 மணிக்குச் சைரனைச் சோதித்துப் பார்ப்பார்கள். இந்த மார்ச்சில் அது அடித்தபோது நான் மெசினில் நின்றேன். கொஞ்ச நேரத்தால் மனைவியின் போன்.

"இஞ்சேருங்கோ, இது சோதனைச் சத்தம்தான். மேல்மாடி அம்மாவுக்கு இப்ப காது சரியாக் கேக்கிறேல்லை, அவவுக்கும் போய்ச் சொல்லிப்போட்டன். நீங்கள் பயப்படாமல் வேலையைப் பாருங்கோ."