விற்ற பின்னரும் அமானிதமே

 

கடைவீதியில் ஒரு தானியக் குவியலினுள் கையை நுழைத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி காரணம் கூறினார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட அண்ணலார், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ள இச்செய்தியை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். தானியம் நனைந்தது அவருடைய குற்றமன்று, மறைத்ததே குற்றம்.

தானியத்திற்கே இப்படியென்றால் மருந்துக்கு? 1937-ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நிறுவனமொன்று, சல்ஃபனிலமைடு என்னும் மருந்தைத் திரவமாக்கி விற்றது. மாத்திரையாக நற்பயன் தந்த மருந்துதான். ஆனால் அதைக் கரைக்க டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுத் திரவத்தைப் பயன்படுத்தினார்கள். சுவையைச் சோதித்தார்கள், மணத்தைச் சோதித்தார்கள். உயிருக்கு ஆபத்தா என்று மட்டும் சோதிக்கவில்லை. மரணச் செய்திகள் வந்ததும், மருந்தைத் திருப்பி அனுப்புமாறு கடைகளுக்கும் மருத்துவர்களுக்கும் தந்தி கொடுத்தார்கள். ஏன் என்று அதில் சொல்லவில்லை! உயிருக்கு ஆபத்தானது எனத் தெளிவாக எழுதி மீண்டும் தந்தி அனுப்பும்படி அரசு அதிகாரிகள் வற்புறுத்த வேண்டியதாயிற்று. பின்னர் அதிகாரிகளே ஊர் ஊராக அலைந்து, தயாரான 240 கேலனில் 234 கேலனை மீட்டார்கள். எஞ்சிய சில கேலன்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்துவிட்டன.

அது பழைய கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2025-ல் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தில் அதே நஞ்சு 48.6 விழுக்காடு இருந்ததைத் தமிழக அரசின் ஆய்வு கண்டறிந்தது. அதற்குள் மத்தியப் பிரதேசத்தில் அதைக் குடித்த பிஞ்சுக் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துகொண்டிருந்தார்கள். மாண்டவர் தொகை இருபதைத் தாண்டியது.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) துணி வியாபாரி என்பதை அறிவீர்கள். குறையுள்ள ஒரு துணியைக் கூட்டாளியிடம் ஒப்படைத்து, விற்கும்போது குறையைச் சொல்லிவிடுமாறு பணித்தார்கள். அவர் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்தப் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள். துணியின் குறைக்கு அது பரிகாரமாகலாம். உயிரைப் பறித்த மருந்துக்கு எவ்வளவு தர்மம் செய்தால் ஈடாகும்?

மருந்துக் கடை வைத்திருக்கும் சகோதரரே! ஒரு மருந்து திரும்பப் பெறப்படுகிறது என்ற அறிவிப்பு வந்தால், அலமாரியில் மீதமிருப்பதைத் திருப்பி அனுப்புவதோடு உங்கள் கடமை முடிந்துவிடாது. நேற்று வாங்கிச் சென்ற பக்கத்துத் தெருக்காரரின் வீட்டில் அந்தப் புட்டி இருக்கிறதே! ஐம்பது ரூபாய் கடன் பாக்கியிருந்தால் அவர் வீட்டை நாம் தேடிக் கண்டுபிடிக்க மாட்டோமா? காரணத்தை மென்று விழுங்காமல், "இந்த மருந்தில் நஞ்சு கலந்திருக்கிறது, குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்" என்று வாய்திறந்து சொல்லுங்கள்.

தாய்மார்களே! மருந்து தீரும்வரை அட்டைப் பெட்டியை எறிந்துவிடாதீர்கள். அறிவிப்பு வரும் நாளில் உங்கள் கையிலுள்ள புட்டியும் அதில் சேர்ந்ததா என்பதை அதிலுள்ள பேட்ச் எண்ணே காட்டும். ரசீதையும் கேட்டு வாங்குங்கள். மருத்துவரைக் கேளாமல், சென்ற ஆண்டு மிஞ்சிய இருமல் மருந்தைப் பிள்ளைக்கு ஊற்றும் வழக்கம் வேண்டவே வேண்டாம்.

பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்தப் பெற்றோரின் உள்ளங்களுக்கு அல்லாஹ் ஆறுதலைத் தந்தருள்வானாக! ஆமீன்.